இருபத்தைந்து டிசம்பர்கள்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். இந்த ஆண்டுக்கான ஏழு இரவுகளை நான் இன்னும் பயன்படுத்தவில்லை, உடனே முன்பதிவு செய்துகொள்ளவும் என்று அது பணிவாக நினைவூட்டும். அதற்கு இரண்டொரு வாரம் கழித்து வரும் இன்னொரு செய்தியில் அந்தப் பணிவு இருக்காது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைக் குறிப்பிட்ட தேதிக்குள் கட்டவேண்டும் என்று அது சொல்லும்.

இம்முறை இரண்டாம் செய்தி வந்த இரவில் மனைவி நாட்காட்டியை எடுத்துக்கொண்டு எதிரே வந்து அமர்ந்தாள். மகளுக்கு அரையாண்டு விடுமுறை தொடங்கும் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.

“ஏங்க, இந்த வருஷமாவது போலாமா? அடுத்த டிசம்பர்ல அவ எந்த ஊர்ல, எந்த ஹாஸ்டல்ல இருப்பாளோ தெரியாது.”

வட்டமிட்ட நாட்களைப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூட என்னுடையதாக இல்லை. அதற்கான காரணத்தை விளக்க முற்பட்டதுதான் இக்கட்டுரையாக விரிந்துவிட்டது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ஒரு வணிக வளாகத்தின் வாசலில் மகள் ஒரு குலுக்கல் சீட்டை நிரப்பிப் பெட்டிக்குள் போட்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பத்தாம் நாள் தொலைபேசி வந்தது. எங்கள் குடும்பம் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகவும், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வந்து பரிசைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். ‘இருவரும் சேர்ந்து’ என்பதை மூன்று முறை சொன்னாள். ஒருவர் மட்டும் போனால் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தப்பித்துவிடுவார் என்பதற்கான ஏற்பாடு அது என்று பின்னர்தான் விளங்கியது.

நட்சத்திர விடுதி ஒன்றின் கூடம். இருபது மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு குடும்பமும் கழுத்துப்பட்டை அணிந்த ஓர் இளைஞனும். எந்த மேசையிலாவது கையெழுத்து ஆகிவிட்டால் மணி அடிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். எங்கள் மேசையின் இளைஞன் முதலில் விற்பனை பற்றி எதுவுமே பேசவில்லை. கடைசியாகக் குடும்பத்தோடு எங்கே போனீர்கள் என்று கேட்டான். நான் யோசித்தேன். மனைவி யோசிக்கவில்லை. “ஒகேனக்கல், மூணு வருஷம் முன்னாடி, காலையில போயிட்டுச் சாயங்காலம் வந்துட்டோம்” என்றாள். அவன் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டான். அப்புறம் மகளைப் பார்த்து, பாப்பாவுக்கு எந்த ஊர் போக ஆசை என்று கேட்டான். சுவரில் ஓடிக்கொண்டிருந்த படத்தில் அமெரிக்கக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் கோட்டை வாண வேடிக்கையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கைகாட்டினாள்.

உங்கள் ஏழு இரவுகளைப் பரிமாற்றம் செய்துகொண்டால் அங்கும் தங்கலாம் என்றான் அவன். சட்டப்படி அதில் பொய் இல்லை. மூன்றரை மணி நேரம் கழித்து எங்களுக்காகவும் மணி அடித்தது.

அந்த இளைஞன் மீது எனக்கு இன்றும் கோபம் இல்லை. அவன் விற்றதைவிட நான் வாங்கியது பெரிது. நான் அன்று வாங்கியது அறையை அல்ல. ஒகேனக்கல் என்று மனைவி சொன்னபோது எனக்குள் எழுந்த கூச்சத்துக்கான மருந்தை. நல்ல தகப்பன் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்கூட்டியே எழுதித் தரப்பட்ட ஒரு சான்றிதழை.

*

டைம்ஷேர் என்ற இந்த ஏற்பாட்டின் வரலாறு சுவாரசியமானது. 1960களில் ஐரோப்பாவில் இது தோன்றியது. சுவிட்சர்லாந்தில் 1963இல் தொடங்கப்பட்ட ஹாப்பிமாக் முன்னோடிகளுள் ஒன்று. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் 1967 வாக்கில் ஒரு பனிச்சறுக்கு விடுதி, அறையை வாடகைக்கு எடுப்பதைவிட விடுதியையே வாங்கிவிடுவது மலிவு என்ற பொருளில் விளம்பரம் செய்து, ஆண்டின் வாரங்களைத் துண்டு துண்டாக விற்றது. ஒரே அறையை ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு, ஆளுக்கொரு வாரமாக விற்கலாம் என்பதுதான் கண்டுபிடிப்பு. இடத்தை மனைகளாகப் பிரித்து விற்பது நமக்குத் தெரியும். அவர்கள் காலத்தை மனைகளாகப் பிரித்தார்கள்.

ஆனால் வாங்கியவர்களுக்கு ஒரே மலை, ஒரே ஜன்னல் விரைவில் சலித்தது. அந்தச் சலிப்பைத் தீர்க்க 1974இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஐ. என்ற பரிமாற்ற நிறுவனம் எழுந்தது. உன் வாரத்தை எனக்குக் கொடு, என் வாரத்தை நீ எடுத்துக்கொள் என்பது அதன் தத்துவம். அங்கிருந்து வாரங்கள் புள்ளிகளாயின. புள்ளிகள் ஒருவகை நாணயமாயின. இந்தியாவுக்கு 1986இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டெர்லிங் நிறுவனத்தின் வழியாக இது வந்தது. கொடைக்கானலும் ஊட்டியும் நடுத்தர வர்க்கத்தின் பத்திரங்களில் இடம்பெற்றன. 1996இல் மஹிந்திரா குழுமம் இத்துறைக்குள் நுழைந்தது. ஆண்டை நிறங்களாகப் பிரிக்கும் முறை நம்மிடையே பழகிப்போனது. கூட்டம் மிகுந்த பருவத்துக்கு ஒரு நிறம், யாரும் வராத மழைக்காலத்துக்கு ஒரு நிறம். பள்ளி விடுமுறைகளின் நிறம்தான் எப்போதும் விலை உயர்ந்தது.

கேளிக்கைப் பூங்காவும் இந்த வணிகமும் கைகோத்தது 1991இல். டிஸ்னி நிறுவனம் புளோரிடாவில் தன் பூங்காவையொட்டி முதல் டைம்ஷேர் விடுதியை அந்த ஆண்டு டிசம்பரில் திறந்தது. வாரத்தைக் குறிப்பிடாமல் புள்ளிகளாக விற்றது. அமெரிக்காவில் வசிக்கும் என் கல்லூரி நண்பன் அத்தகைய புள்ளிகளை வைத்திருக்கிறான். ஆண்டின் எல்லா இரவுகளும் ஒரே விலை அல்ல. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்துக்குத்தான் அதிகப் புள்ளிகள் தேவைப்படும். தன் சொந்த விடுதி என்றால் பதினொரு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம், அக்குழுமத்தின் பிற விடுதிகள் என்றால் ஏழு மாதங்களுக்கு முன்புதான். ஆகவே இந்த டிசம்பரில் விடுமுறையை முடித்துத் திரும்பியதும், அடுத்த மாதமே அடுத்த டிசம்பரைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கிறார்கள். தொடக்கக் காலத்தில் விற்கப்பட்ட பல உரிமைகள் 2042 ஜனவரி 31 அன்று முடிவடைகின்றன. பூமியில் எந்த மனிதனுக்கும் தன் ஓய்வு முடியும் தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது.

பூங்காக்களைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். உம்பர்த்தோ எக்கோ 1970களில் அமெரிக்காவைச் சுற்றிவந்து, அசலைவிடப் போலி மேலானது என்று மனிதர்களை நம்பவைக்கும் இடங்களாக அவற்றைக் கண்டார். பூத்ரியார் 1981இல் இன்னும் ஒரு படி மேலே போனார். பூங்காவைக் கற்பனை என்று காட்டுவதன் வழியே, வெளியே இருக்கும் நகரம் நிஜம் என்று நம்மை நம்பவைக்கிறார்கள் என்பது அவர் வாதம். நம் சிறுபத்திரிகைகளில் இவ்விருவர் பெயரும் அடிபடாத இதழ் இல்லை என்ற காலம் ஒன்று இருந்தது. நான் அவற்றை ஆர்வத்தோடு வாசித்தவன்தான். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்தும் போட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வாசிப்பு நம்மை எதிலிருந்தெல்லாம் காப்பாற்றுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

அதிலும் ஓசூர்க்காரன் ஏமாந்திருக்கக் கூடாது. எங்கள் ஊரில் அந்தக் கோட்டை முன்னமே கட்டப்பட்டுவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த பிரெட் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைப் போல ஒன்றை ஓசூரில் எழுப்பினார். மனைவியாக வரவிருந்தவளின் ஆசைக்காகக் கட்டினார் என்பது ஊரில் வழங்கும் கதை. கெனில்வொர்த் கோட்டைக்குப் புகழ் சேர்த்தது வால்டர் ஸ்காட் 1821இல் எழுதிய நாவல். நாவலில் மிளிர்ந்த கோட்டையை, அது இருந்த நாட்டிலிருந்து கடல் கடந்து, மூவாயிரம் அடி உயரத்துப் பீடபூமியில் நகலெடுத்தார் ஓர் அதிகாரி. குளிர்ந்த காற்றும் இருந்ததால் இங்கிலாந்து கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது. அந்தக் கோட்டை பராமரிப்பின்றிச் சிதைந்து போயிற்று. போலிகளுக்கும் பராமரிப்புக் கட்டணம் உண்டு.

*

இனி என் டிசம்பருக்கு வருகிறேன்.

1970களில் சிப்காட் வளாகம் வந்தது முதல் ஓசூரின் காலத்தைத் தொழிற்சாலைகள்தாம் வகுக்கின்றன. மொபெட், லாரி, கைக்கடிகாரம், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள், இப்போது கைப்பேசிப் பாகங்கள், மின்சார ஸ்கூட்டர்கள். காலை ஷிப்டுக்கு ஐந்தரை மணிக்கே பேருந்துகள் பாகலூர் சாலையிலும் தளி சாலையிலும் ஆட்களை ஏற்றத் தொடங்கிவிடும். பெரிய ஆலை ஒன்று ஒரு நாள் நின்றால் அதற்குப் பாகம் கொடுக்கும் சிறு ஆலைகளும் நிற்கவேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை ஓடினால் இவையும் ஓடவேண்டும். எங்கள் ஊரில் விடுமுறை என்பது மேலிருந்து கீழாக வடியும் ஒன்று.

பல ஆலைகளில் டிசம்பர் கடைசி வாரத்தில் உற்பத்தியை நிறுத்திப் பராமரிப்பு வேலை செய்வார்கள். ஷட்டவுன் என்று அதற்குப் பெயர். உற்பத்திப் பிரிவில் இருப்பவர்களுக்கு அது விடுமுறை. குழந்தைகளின் அரையாண்டு விடுமுறையோடு பொருந்திவருவதால் வரம் என்றே சொல்லவேண்டும். ஆனால் நான் பராமரிப்புப் பிரிவில் இருப்பவன். மற்றவர்கள் கிளம்பிய பின்தான் எங்களுக்குக் கன்வேயரைக் கழற்றவும், கம்ப்ரஸரைத் திறக்கவும், கிரேனுக்குக் கீழே படுக்கவும் இடம் கிடைக்கும். ஆண்டில் நான் விடுப்பு கேட்கவே முடியாத வாரம் ஒன்று உண்டென்றால் அது அந்த வாரம்தான். அந்த வாரத்தைத்தான், மிக உயர்ந்த நிறத்தில், இருபத்தைந்து முறை நான் விலைக்கு வாங்கினேன்.

வாங்கும்போது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். மூத்தவர்கள் ஓய்வுபெற்றபின் பதவி உயர்ந்தால் ஷட்டவுனை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன். பதவி உயர்ந்தது. ஒப்படைக்கும் இடத்தில் இருந்த நான், ஒப்படைக்கப்படும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

சட்டம் ஓய்வைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. 1936இல் பிரான்சில் தொழிலாளர்கள் போராடி ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பைப் பெற்றார்கள். முதன்முறையாகக் கடலைப் பார்த்த தொழிலாளிக் குடும்பங்கள் அந்தக் கோடையில் ஏராளம். நம்முடைய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு இருபது நாளைக்கு ஒரு நாள் வீதம் அடுத்த ஆண்டில் விடுப்பு தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த 240 நாளை 180 ஆகக் குறைத்திருக்கிறது. நல்லது. பழைய சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. விடுப்பு வேண்டுபவர் பதினைந்து நாட்களுக்கு முன் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றது அது.

பதினைந்து நாள் எங்கே, பதினொரு மாதம் எங்கே! உழைப்பவனின் நாட்காட்டி பதினைந்து நாள் நீளமுள்ளது. அதற்கு மேல் என்ன நடக்கும் என்று அவனுக்கே தெரியாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் பதினைந்து நாளும் நிச்சயமில்லை. விடுதியின் நாட்காட்டியோ பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். இவ்விரண்டு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த வணிகம் யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பது துலங்கும். தன் ஓய்வைத் தானே தீர்மானிக்கக் கூடியவர்களுக்காக. ஓய்வுபெற்றவர்கள், சுயதொழில் செய்வோர், பெரிய அதிகாரிகள். ஆனால் விற்கப்படுவதோ பெரும்பாலும் தங்கள் ஓய்வைத் தாங்கள் தீர்மானிக்க இயலாதவர்களுக்கு. அவர்களுக்குத்தான் ஏக்கம் இருக்கிறது.

எல்லைப்புறத்துக்கே உரிய இன்னொரு சிக்கலையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பத்தில் கணவருக்கு ஓசூரில் வேலை, மனைவிக்குப் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பையன் அத்திப்பள்ளிக்கு அப்பால் கர்நாடகப் பாடத்திட்டத்தில் படிக்கிறான். அவனுக்கு நீண்ட விடுமுறை தசராவில். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கோ டிசம்பர் இறுதியில். பொங்கலுக்கு இங்கே தொடர்ச்சியாகக் கிடைக்கும் நாட்கள் அங்கே கிடையாது. அங்கே நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு விடுமுறை, இங்கே வேலை நாள். சோதனைச்சாவடியைக் கடக்கும்போது மொழி மாறுவதும் பேருந்தின் நிறம் மாறுவதும் எல்லோருக்கும் தெரியும். ஓய்வும் மாறுகிறது. மூவரும் ஒன்றாக வீட்டில் இருக்கும் நாட்களை அந்த வீட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஒரு கை போதுமாயிருந்தது.

*

கணக்கையும் பார்த்துவிடுவோம். எடுத்துக்காட்டாக ஒருவர் 4 லட்சம் ரூபாய் கொடுத்து, ஆண்டுக்கு 7 இரவு வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 20,000 ரூபாய் என்றும், அது ஏறவே ஏறாது என்றும் தாராளமாக வைத்துக்கொள்வோம். நான்கு லட்சத்தை இருபத்தைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 16,000. கட்டணத்தோடு 36,000. ஓர் இரவுக்குச் சுமார் 5,150 ரூபாய். மேசையில் இருந்த இளைஞன் போட்ட கணக்கு இதைப் போன்றதுதான். விடுதி அறைகளின் வாடகையை நினைத்தால் மலிவாகவே தெரியும்.

அந்த 4 லட்சத்தை வங்கியில் 7 விழுக்காடு வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 28,000 வந்திருக்கும், முதலும் அப்படியே இருந்திருக்கும். வட்டியையும் கட்டணத்தையும் சேர்த்தால் ஆண்டுக்கு 48,000. ஓர் இரவுக்கு 6,850 ரூபாய்க்கு மேல். இதுவும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் போனால். எட்டு ஆண்டுகளில் மூன்று முறை மட்டுமே போயிருந்தால்? எட்டு ஆண்டுச் செலவு 3,84,000. தங்கியது 21 இரவுகள். ஓர் இரவு 18,000 ரூபாய்க்கு மேல். முதலை இதில் சேர்க்கவே இல்லை. சாப்பாடும் பயணமும் தனி. தவணையில் வாங்கியிருந்தால் அதன் வட்டியும் தனி.

நான் போனது அந்த மூன்று முறைதான். மூன்றும் டிசம்பரில் அல்ல. ஆகஸ்டு மழையில் மூடிய ஜன்னலுக்குள் உட்கார்ந்து சீட்டாடிவிட்டு வந்தோம். உயர்ந்த நிறத்துக்குப் பணம் கட்டித் தாழ்ந்த நிறத்தில் தங்கிய குடும்பம் எங்களுடையது.

நியாயமாகவும் பேசவேண்டும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் பல ஆண்டுகளாக இத்தகைய உறுப்பினர் உரிமையை வைத்திருக்கிறார்கள். கூட்டமில்லாத காலத்தில் கிளம்பி, ஒரே ஊரில் ஒரு வாரம் தங்கி, சமையலறை இணைந்த அறையில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுப் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு வருவார்கள். அவர்களுக்கு இது லாபம்தான். 1990களில் தேக்குமரம் வளர்த்துத் தருகிறோம் என்று நம் ஊர்களில் பணம் திரட்டி மறைந்த கம்பெனிகளோடு இதை ஒப்பிடுவதும் தவறு. இங்கே அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே மலையும் இருக்கிறது. இல்லாதது நம்மிடம் இருக்கவேண்டிய ஒன்று. நேரம்.

டைம்ஷேர் என்ற பெயரிலேயே அந்தத் தந்திரம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர்கள் நமக்குக் காலத்தை விற்பதாகச் சொல்கிறார்கள். விற்பது இடத்தை. காலத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவர முடியாத ஆண்டிலும் கட்டணம் உண்டு. ஓய்வு என்பது கூலியோடும் விடுப்போடும் சேர்த்துப் போராடிப் பெறவேண்டிய உரிமையாக இருந்தது. அதைத் தவணையில் வாங்கும் சொத்தாக மாற்றியதில்தான் இந்த வணிகத்தின் வெற்றி இருக்கிறது. விடுப்பு கிடைக்கவில்லை என்றால் நாம் ஆலையோடு வாதிட வேண்டும். அதற்குப் பதிலாக, முன்பதிவு கிடைக்கவில்லை என்று வாடிக்கையாளர் சேவை எண்ணோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

*

காவேரிப்பட்டணம் பக்கம் என் அப்பாவுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு இருந்தது. விடுமுறை என்ற சொல்லை அவர் பயன்படுத்திக் கேட்டதில்லை. ஆனால் கார்த்திகை, மார்கழியில் மரங்களுக்குத் தண்ணீர் கட்டமாட்டார். அப்போது தண்ணீர் விட்டால் இலைதான் துளிர்க்கும், பூ வராது என்பார். மரத்தைச் சும்மா விடவேண்டிய காலம் அது. அந்த இரண்டு மாதம் அவரும் கொஞ்சம் சும்மா இருப்பார். திண்ணையில் உட்கார்ந்து வருவோர் போவோரோடு பேசுவார், எங்களைக் கிருஷ்ணகிரி அணைக்குக் கூட்டிப்போவார், அத்தை வீட்டில் நாலு நாள் விட்டுவைப்பார். தைப் பனியில் பூ எடுத்துவிட்டால் மறுபடி ஓட்டம்தான். அந்த வாழ்க்கையை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. கடனும் இருந்தது, பூ கொட்டிய ஆண்டுகளும் இருந்தன. ஆனால் அவருடைய ஓய்வு அவருடைய வேலைக்குள்ளிருந்தே வந்தது. அதை வேறெங்கோ போய் வாங்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அது சாத்தியமில்லை. கன்வேயருக்குப் பூப்பருவம் கிடையாது. ஆகவே என் தரப்பில் நான் கேட்பது இரண்டு.

ஒன்று, சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் பதினான்கு நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். புளோரிடாவில் பத்து நாள் அவகாசம் உண்டு. கூடத்தில் மணி அடித்த மயக்கம் தெளிய அவ்வளவு நாளாவது வேண்டும் என்று அந்த அரசுகள் உணர்ந்திருக்கின்றன. இந்தியாவில் இத்துறைக்கென்று தனிச்சட்டம் இல்லை. விலகும் அவகாசம் ஒப்பந்தத்தின் தயவில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், கிருஷ்ணகிரிக்காரர் விடுதி இருக்கும் மலைக்குப் போகவேண்டியதில்லை. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. இவையெல்லாம் சிக்கிய பிறகு உதவுபவை. சிக்காமல் இருக்க ஒரு பதினான்கு நாள் வேண்டும்.

இரண்டு, அதைவிட முக்கியமானது. தொழிற்சங்கப் பேச்சுவார்த்தைகளில் போனஸ் வருகிறது, கான்டீன் வருகிறது, பேருந்து வருகிறது. ஆண்டுக்கு ஒரு வாரம், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோடு பொருந்திவரும் விடுப்பு, சுழற்சி முறையில், ஆறு மாதம் முன்பே அறிவிக்கப்பட்டு, பிறகு மாற்றப்படாமல் கிடைக்கவேண்டும் என்பது வந்து நான் பார்த்ததில்லை. அது கிடைத்தால் எங்கே தங்குவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ஓசூரிலிருந்து பிடதிக்கு இரண்டு மணி நேரம்தான்; 2005இல் திறக்கப்பட்ட வொண்டர்லா அங்கே இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கி, ராட்டினங்களில் சுற்றி, தண்ணீரில் நனைந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ஒரு நாள் மகிழ்ச்சிக்கு ஒரு நாள் கட்டணம். இருபத்தைந்து ஆண்டுக்கான கையெழுத்து தேவையில்லை.

அன்றிரவு நாட்காட்டியின் முன் இதையெல்லாம் நான் மனைவியிடம் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டு, உனக்கு அந்தப் பூங்கா நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“எந்தப் பூங்காப்பா?”

சொன்னேன். அவள் சிரித்தாள். அதெல்லாம் சின்ன வயசுல, என்றாள். பொதுத்தேர்வு வருகிறது, எங்கேயும் வேண்டாம், ஷட்டவுன் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் பனி பார்க்கப் போகலாம், ஆனால் நீங்கள் போனை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்றாள்.

ஒப்பந்தத்தில் எனக்கு இன்னும் பதினேழு டிசம்பர்கள் பாக்கி இருக்கின்றன. அந்த உரிமையை ஒப்படைத்துவிட என்ன வழி என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரட்டும். எந்தக் குழந்தைக்காக அவற்றை வாங்கினேனோ, அவளிடம் ஒரு டிசம்பர்கூட மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மேலாளரிடம் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன், பதினைந்து நாட்களுக்கு முன்பாகவே.